பெருக்காதீங்க, வகுங்க

"இன்னைக்கு ரேட் என்ன?"

ஷார்ஜாவுல இருந்து, தென்காசி பக்கத்துல எங்க ஊர் வடகரைல வந்து இறங்குனா முதல் கேள்வி இதுதான். நல்லாருக்கியா, பிள்ளைங்க எப்படி இருக்குன்னு கேக்கிறதெல்லாம் அப்புறம். திர்ஹம் என்ன ரேட், ரியால் என்ன ரேட். பால் வாங்கப் போனாலும் கேக்காங்க, கல்யாண வீட்டுப் பந்தியிலயும் கேக்காங்க. இருபத்தி நாலு கிட்ட வருதுன்னு நான் சொல்லி முடிக்கும் முன்னாடியே எதிர்ல நிக்கிறவங்க மனசுக்குள்ள ஒரு பெருக்கல் ஓடிரும்.

ஐயாயிரம் திர்ஹம் சம்பளமா?

அப்போ ஒரு லட்சத்து இருபதாயிரம்!

எனக்கு இந்தப் பெருக்கல் மேல நெசமாவே கோவம் உண்டு. இதை நம்பித்தான் நம்ம பக்கத்துப் பையங்க பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டு வாராங்க. ஆறேழு மாசத்துல கிரெடிட் கார்டு நிரம்பிரும். அப்புறம் பேங்க்ல பெர்சனல் லோன். அப்புறம் ஒருநாள் ஸ்கூல் லீவுக்குப் போன குடும்பம் லீவு முடிஞ்சும் திரும்பி வராது. எங்க பில்டிங்லயே இப்படிக் காலியான வீடுகளைப் பாத்திருக்கேன். சாமான் ஏத்தும்போது அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியாது. யாரும் ஊதாரித்தனம் பண்ணி இப்படி ஆகல. எல்லாரும் சிக்கனமா இருந்தவங்கதான். போட்ட கணக்குதான் தப்பு.

சம்பளம் திர்ஹத்துல வருது. வாடகையும் திர்ஹத்துலதான் போகுது. பிள்ளைக்குப் பென்சிலும் திர்ஹத்துலதான். இருபத்தி நாலால பெருக்க வேண்டியது கடைசில கைல மிஞ்சுற காசை மட்டும். முழுச் சம்பளத்தையும் பெருக்கிப் பாக்கிறது வயல்ல நிக்கிற பயிரைப் பாத்து அரிசி மூட்டையை எண்ணுற மாதிரி.

சரி, வேற எப்படிக் கணக்கு போடுறது? பன்னெண்டால வகுக்கணும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதப் போறேன். (ஜூலை லீவுக்கு வந்திருக்கேன். வெளிய சாரல், மேக்கரை மலை மேல மேகம் இறங்கி நிக்குது, பிள்ளைங்க தண்ணில விளையாடப் போயாச்சு. எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.)

"குடும்பத்தோட இருந்தா மாசம் எவ்வளவு ஆகும்"னு எல்லாரும் கேக்காங்க. கேள்வியிலயே சிக்கல் இருக்கு. அங்க பெரிய செலவு எதுவும் மாசாமாசம் வராது. வாடகை செக்கா போகும். ஸ்கூல் ஃபீஸ் டேர்ம் கணக்கு. விசா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க. இன்ஷூரன்ஸ், டிக்கெட் எல்லாம் வருஷத்துக்கு ஒருக்க. மாசாமாசம் வாரது அரிசி, மீன், கரண்டு, போன் மட்டும்தான். அதைக் கூட்டிப் பாத்துட்டு "அட, மூவாயிரத்துல முடிஞ்சிரும் போலயே"ன்னு நெனச்சா, ஏப்ரல்ல ஸ்கூல் திறக்கும்போதும் ஜூலைல டிக்கெட் போடும்போதும் மூச்சு முட்டும்.

வாடகையைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல இந்த வழக்கமே கிடையாது. நம்ம ஊர்ல அட்வான்ஸ் குடுத்துட்டு மாசம் பிறந்தா வாடகை குடுப்போம். அங்க வருஷத்துக்கு இவ்வளவுன்னு பேசி, அதை நாலா ஆறா பிரிச்சு, பின்தேதி போட்டு அத்தனை செக்கையும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் குடுத்திரணும். நாங்க ஷார்ஜாவுல எடுத்திருக்கிற ஒரு பெட்ரூம் வீடு வருஷத்துக்கு 36,000 திர்ஹம். நாலு செக். ஒரு செக் 9,000. அந்தத் தேதில அக்கவுண்ட்ல 9,000 இருக்கணும், அவ்வளவுதான். பணம் இல்லாம செக் திரும்புனா நேரா ஜெயில்ங்கிற நிலைமை 2022ல சட்டம் மாறுன பிறகு பெரும்பாலும் இல்ல. ஆனா திரும்புன அந்தச் செக்கை வச்சே கோர்ட்டுல வசூலுக்குப் போயிரலாம். அதனால செக் தேதிதான் எங்க வீட்டுக் காலண்டர். பெருநாள் எப்போ வருதுன்னு பிள்ளைங்க பாக்கும், செக் எப்போ வருதுன்னு நாங்க பாப்போம்.

முதல்ல துபாய் அல் குசைஸ்ல இன்னொரு குடும்பத்தோட ஷேரிங்ல இருந்து பாத்தோம். காசு மிச்சம்தான். ஆனா ஒரே அடுப்படி, ஒரே பாத்ரூம், காலைல ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களும் ஒரே நேரத்துல ஸ்கூலுக்குக் கிளம்பணும். அந்த வீட்டு மதினி தங்கமான மனுஷி. இப்பவும் எனக்கு போன் போடுவாங்க. ஆனாலும் சேந்து இருந்தா பிரியம் குறைஞ்சிரும்னு ரெண்டு பேருக்குமே தோணுச்சு. அப்புறம்தான் ஷார்ஜாவுக்கு மாறுனோம். வாடகை குறையும், ஆனா எங்க வீட்டுக்காரருக்கு வேலை துபாய்ல. தினமும் அந்த டிராஃபிக். வாடகைல மிஞ்சுனதுல ஒரு பங்கு பெட்ரோலுக்கும் சாலிக்குக்கும் போகுது. (ரோட்டுல கேட் கிடையாது, நிக்கவும் வேண்டாம், வண்டி கடந்து போனாலே காசு கழிஞ்சிரும், அதுதான் சாலிக். 2025 ஜனவரி கடைசில இருந்து நெரிசல் நேரத்துல 6 திர்ஹம், மத்த நேரம் 4, நடுராத்திரி ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் இலவசம். நடுராத்திரி யாரு ஆபீஸ் போறா.)

துபாய்லயே வீடு எடுக்கிறவங்க முதல் மாசத்தைத் தனியா ஒரு தாள்ல எழுதிக்கோங்க. வீட்டு ஓனருக்கு டெபாசிட்டா வாடகைல அஞ்சு சதவீதம், ஏஜெண்டுக்கு ஒரு அஞ்சு சதவீதம், கரண்டு தண்ணிக்கு டேவா டெபாசிட் ஃபிளாட்டுன்னா 2,000, ஒப்பந்தத்தை இஜாரிங்கிற அரசாங்கப் பதிவுல பதியணும். இது போக ஒண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. வருஷ வாடகைல அஞ்சு சதவீதம் ஹவுசிங் ஃபீஸ். அதைப் பன்னெண்டாப் பிரிச்சு டேவா பில்லுலயே சேத்து அனுப்பிருவாங்க. 60,000 வாடகைன்னா மாசம் 250. கரண்டைச் சிக்கனமா எரிச்சாலும் அந்த 250 குறையாது. புதுசா வந்தவங்க "ஏசியே போடலியே, பில் ஏன் இவ்வளவு"ன்னு முழிக்கிறது இதனாலதான்.

கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் புதுசா வாங்காதீங்க. ஊருக்குத் திரும்பிப் போற குடும்பம் ஏதாவது ஒண்ணு எப்பவும் வித்துக்கிட்டே இருக்கும்.

அடுப்படிக்கு வாரேன்.

நம்ம ஊர்ல காசு குடுக்காமக் கிடைக்கிறது எத்தனைன்னு வெளிநாடு போனாத்தான் தெரியும். நான் ஒருதடவை உக்காந்து எழுதிப் பாத்தேன். தேங்காய் தோப்புல இருந்து வரும். முருங்கைக்காய் பக்கத்து வீட்டுல இருந்து வரும். கறிவேப்பிலை புறவாசல்ல நிக்குது. ரேஷன்ல அரிசி 2011ல இருந்து இலவசம். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து டிக்கெட் இல்ல. கரண்டு ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் சும்மா. பிள்ளைக்குக் காய்ச்சல்னா தென்காசி பெரியாஸ்பத்திரி. நான் கடைக்குப் போனா பிள்ளையப் பாத்துக்க அம்மா இருக்காங்க, அத்தை இருக்காங்க. இதுல ஒண்ணாவது நம்ம வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டுல இருக்கா? இருக்காது. அங்க போனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி வந்திரும். குடிதண்ணிக்கு அஞ்சு கேலன் கேன், அதுக்கு ஒரு வரி. கறிவேப்பிலைக்கே ஒரு வரி. அம்மாவுக்குப் பதிலா டே கேர். அந்த வரி பெருசு.

அதனாலதான் "ஊர்ல மாசம் இருபதாயிரம் ஆகுது, அங்க அதைவிட ரெண்டு மடங்கு ஆகட்டும்"னு கணக்கு போட்டா சரியா வராது. நம்ம ஊர் இருபதாயிரத்துக்குப் பின்னாடி தோப்பும் அரசாங்கமும் சொந்தக்காரங்களும் நிக்காங்க.

தேங்காய்ல நான் பட்ட பாட்டை மட்டும் தனியா சொல்லணும். வடகரைக்காரிக்குத் தேங்காய் இல்லாமக் குழம்பு இறங்காது. முதல்ல ஊர்ல இருந்தே கொண்டு போகலாம்னு பாத்தேன். கொப்பரைய விமானத்துல எடுத்துட்டுப் போகத் தடை, எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும்னு 2022ல இருந்து விடுறதில்ல. அப்புறம் டப்பாவுல வாரத் தேங்காய்ப்பால், அது குழம்புல சேந்தாலும் சொதிக்கு ஆகல. பவுடர், அதுல ஒரு இனிப்பு வாடை. துருவி உறைய வச்ச பாக்கெட், இதுதான் ஓரளவு நம்ம ருசிக்குக் கிட்ட வந்தது, விலையும் முழுத் தேங்காய் வாங்கித் துருவுறதைவிடக் கம்மி, உடைச்சாக் கெட்டுப்போன காயா இருக்குமோங்கிற பயமும் இல்ல. இப்போ அதுலயே ஓடுது. சனிக்கிழமை ஆப்பத்துக்கு மட்டும் முழுத் தேங்காய். கறிவேப்பிலைக்குப் பால்கனில தொட்டி வச்சேன். ஆகஸ்ட் வெயில்ல கருகிரும், நவம்பர்ல துளிர்க்கும். பாதி வருஷத்துக்குக் கடையில வாங்க வேண்டாம். அந்தத் துளிரைப் பாக்கிற சந்தோஷத்துக்கு விலை போட மாட்டேன்.

பெட்டில என்ன கொண்டு போகலாம்னு கேக்கிறவங்களுக்கு: மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி, இட்லிப்பொடி, சீரகச் சம்பா, வத்தல், வடகம். இதுலயே மூணு நாலு மாசம் மளிகைல நல்லாக் குறையும். கசகசா மட்டும் கனவுல கூட வேண்டாம். துபாய்லயும் சவுதிலயும் அது போதைப்பொருள் கணக்குல வருது. குருமாவுக்குக் கொண்டு போனேன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அம்மாமார் கட்டிக் குடுக்கிற மசாலாவுல கசகசா அரைச்சுச் சேத்திருக்கான்னு ரெண்டு தடவை கேட்டுக்கோங்க.

மீன் விசயத்துல ஷார்ஜாவுக்கு நன்றி சொல்லணும். ஜுபைல் மார்க்கெட்ல காலைல போனா மத்தி நல்ல விலைக்குக் கிடைக்கும். சீலா வாங்கணும்னா யோசிக்கணும். குப்பூஸ் மலிவு. குரோசரிக்கு போன் அடிச்சா ரெண்டு குப்பூஸ், ஒரு தயிருன்னாலும் பையன் மேல கொண்டாந்து குடுத்துட்டுப் போவான். ஆனா அந்த போன் பழக்கம் வந்தா மாசக் கடைசில பற்று நோட்டு பெருசாயிரும். வாரத்துக்கு ஒருக்கப் பெரிய கடை, நடுவுல குரோசரி இல்லன்னு ஒரு மாசம் இருந்து பாத்தோம், முன்னூறு திர்ஹம் கிட்ட மிஞ்சுச்சு. எங்க நாலு பேருக்குச் சாப்பாட்டுச் செலவு இப்போ மாசம் 1,400ல நிக்குது. வெளிய சாப்பிடாம. துபாய் கராமாவுக்குப் போயி ஒருநாள் குடும்பத்தோட சாப்பாடு சாப்பிட்டா அது வேற கணக்கு.

கரண்டுக்கு வெயில் மாசம் 600, குளிர் மாசம் 250, சராசரி 400னு வச்சுக்கோங்க. போனும் நெட்டும் 450. இதுல ஒரு விசயம், அங்க வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், பேச முடியாது, வாட்ஸ்அப் காலை அடைச்சு வச்சிருக்காங்க. போட்டிம் மாதிரி அனுமதி உள்ள ஆப்லதான் பேசணும். அம்மா போன்லயும் அதைப் போட்டுக் குடுத்துட்டுத்தான் கிளம்பணும், இல்லன்னா முதல் வாரமே ரெண்டு பக்கமும் அழுகைதான். பெட்ரோல், சாலிக் 500. தண்ணி கேனும் கேஸும் 100. மருந்து, முடிவெட்டு, பிள்ளைங்க பிறந்தநாளுன்னு 300.

கூட்டுனா 3,150. இதைத்தான் எல்லாரும் மாசச் செலவுன்னு சொல்லுதாங்க.

இப்போ வகுக்கலாம்.

வாடகை 36,000. மாசத்துக்கு 3,000. ரெண்டு பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸும் பஸ்ஸும் சேந்து வருஷம் 19,200, அது மாசத்துக்கு 1,600. (நடுத்தர இந்தியன் ஸ்கூல்தான். இதைவிடக் கம்மியாவும் இருக்கு, இதைப்போல நாலு மடங்கும் இருக்கு.) புஸ்தகம், யூனிஃபார்முக்கு மாசம் 100 விழும். எனக்கும் பிள்ளைங்களுக்கும் விசா, எமிரேட்ஸ் ஐடி, மெடிக்கல், டைப்பிங் சென்டர் கூலி எல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க 4,800 கிட்ட ஆகும், அது மாசத்துக்கு 200. எங்க மூணு பேரு இன்ஷூரன்ஸும் மாசத்துக்கு 200. வீட்டுக்காரருக்குக் கம்பெனி போட்டுரும், குடும்பத்துக்கு நம்மதான் போடணும். ஜூலைல நாலு பேருக்கு திருவனந்தபுரம் போய்வர டிக்கெட் 6,000, மாசத்துக்கு 500. ஊருக்கு வாங்கிட்டு வார சாமானுக்கு 150.

இது 5,750.

மாசாமாசம் கண்ணுல படுற செலவைவிடக் கண்ணுல படாத செலவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! ரெண்டையும் கூட்டுனா 8,900 திர்ஹம். ஊருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாம, ஒரு பவுன் எடுக்காம. இது ஆடம்பர வாழ்க்கை இல்ல, பழைய கார், ஒரு பெட்ரூம்.

எங்க வீட்டுல இதுக்காகவே தனி அக்கவுண்ட் ஒண்ணு வச்சிருக்கோம். சம்பளம் வந்த அன்னைக்கே 5,750 அதுல போயிரும். செக், ஃபீஸ், டிக்கெட், விசா எல்லாம் அதுல இருந்துதான். மிச்சத்துலதான் மாசம் ஓடணும். இதை ஆரம்பிச்ச பிறகு ஏப்ரல் மாசத்துக்கு நாங்க பயந்ததே இல்ல.

டிக்கெட்டைப் பத்தி ஒரு வார்த்தை. ஸ்கூல் லீவு ஜூலை, ஆகஸ்ட். அப்பத்தான் விலை ஏறும், அப்பத்தான் நம்மளும் போக முடியும். பிள்ளை ஸ்கூலுக்குப் போற வரைக்கும் நம்ம இஷ்டப்பட்ட மாசம் போகலாம், ஸ்கூல்ல சேத்துட்டா அந்தச் சுதந்திரம் போச்சு. நம்ம பக்கத்துக்கு திருவனந்தபுரம்தான் வசதி, ஆரியங்காவு, புனலூர் வழியாக் கார்ல வந்திரலாம். அந்தக் கார் வாடகையையும் டிக்கெட் கணக்குல சேத்துக்கோங்க.

சவுதிக்காரங்க கதை வேற. எங்க பெரியக்கா குடும்பம் தம்மாம்ல இருந்தாங்க. அங்க வாடகை கம்மி, பெட்ரோல் தண்ணி விலைல கிடைச்ச காலம் அது, நல்லா இருந்தாங்க. 2017 ஜூலைல ஒரு வரி வந்துச்சு. கூட இருக்கிற குடும்பத்துல ஆளுக்கு மாசம் 100 ரியால். அடுத்த வருஷம் 200, அடுத்து 300, 2020ல இருந்து 400. மாசாமாசம் கட்ட முடியாது, இக்காமாங்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே மொத்தமாக் கட்டணும். அக்காவும் ரெண்டு பிள்ளைங்களும், மூணு பேரு. 400 வீதம் வருஷத்துக்கு 14,400 ரியால். சேந்து இருக்கிறதுக்கு மட்டும் மூணு லட்சம் ரூபாய்க்கு மேல! அதே 2020 ஜூலைல வாட் வரியையும் அஞ்சு சதவீதத்துல இருந்து பதினஞ்சாக் கூட்டுனாங்க. அக்கா 300 ரியால் கட்டத்துலயே பிள்ளைங்களைக் கூட்டிட்டுத் தென்காசிக்கு வந்திட்டா. அத்தான் இன்னும் அங்க தனியா இருக்காங்க. அந்த ரெண்டு மூணு வருஷத்துல சவுதில இருந்து இப்படித் திரும்புன குடும்பங்கள் ஏகப்பட்டது. அவங்க யாரும் கணக்கு தெரியாதவங்க இல்ல. கணக்கு தெரிஞ்சதாலதான் கடன் இல்லாமத் திரும்பி வந்தாங்க.

அதனால நான் சொல்லுறது: எந்த நாட்டுக்குப் போனாலும் இன்னைக்கு இருக்கிற செலவுக்குச் சரியாச் சம்பளம் இருந்தாப் போதாது. அஞ்சுல ஒரு பங்காவது மேல நிக்கணும். விதி மாறும். நம்மகிட்ட கேட்டுட்டு மாறாது.

நெட்டுல தேடுனா "உலகத்துல செலவு கூடுன நகரங்கள்"னு பட்டியல் வரும். மெர்சர்ங்கிற நிறுவனம் போடுறது அதுல பேர் போனது. 2024ல ஹாங்காங் முதல், சிங்கப்பூர் ரெண்டாவது, துபாய் பதினஞ்சாவது. இதை வச்சு நம்ம குடும்பத்துக்குக் கணக்கு போடாதீங்க. பெரிய கம்பெனிங்க தங்களோட ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி குடுக்கணும்னு பாக்கிறதுக்காக உள்ள பட்டியல் அது. அவங்களுக்கு வீடும் ஸ்கூலும் பெரும்பாலும் கம்பெனி பாத்துக்கும். நம்ம மொத்தக் கணக்கே அந்த ரெண்டுலதானே முடியுது.

நம்ம பக்கத்துலயே இதுக்கு முந்தின தலைமுறை ஒண்ணு இருக்கு. கடையநல்லூர், தென்காசில இருந்து சிங்கப்பூர் போனவங்க. மத்த ஊர் ஆட்கள் ஆம்பளைங்க மட்டும் போயி வந்துட்டு இருந்த காலத்துலயே இவங்க குடும்பத்தோட போனவங்க. பிள்ளைங்க படிக்க 1946ல கடையநல்லூர்க்காரங்களே சங்கமாச் சேந்து உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியை ஆரம்பிச்சாங்க. தனித்தனியாச் சமாளிக்க முடியாததை ஊராச் சேந்து சமாளிச்சிருக்காங்க. அது எனக்குப் பெரிய விசயமாத் தெரியுது. கல்ஃப்ல நம்ம ஆட்கள் இவ்வளவு பேரு இருந்தும் ஸ்கூல் பஸ்ஸுக்குக்கூடச் சேந்து பேரம் பேசினதில்ல. அங்க குடியேறி நிலைக்க முடியும்னு அவங்க நெனச்சாங்க, நம்ம எப்பவும் பெட்டி கட்டுற நினைப்புலயே இருக்கோம், அதுவும் ஒரு காரணம்.

இப்போ இந்தப் பதிவை எழுத வச்ச விசயத்துக்கு வாரேன்.

சின்னக்கா மகனுக்கு துபாய்ல ஒரு கம்பெனில 5,000 திர்ஹத்துக்கு ஆஃபர் வந்திருக்கு. கல்யாணம் ஆகி ரெண்டு வயசுல ஒரு பொம்பளப்பிள்ளை. வீடே சந்தோஷத்துல இருக்கு. "சித்தி, கையோட குடும்பத்தையும் கூட்டிட்டுப் போயிருதேன். நாலாயிரம் இருந்தாலே குடும்ப விசா கிடைக்குமாம்ல"ங்கான். கிடைக்கும். 4,000, இல்லன்னா 3,000மும் தங்க இடமும் இருந்தாக் குடும்பத்துக்கு விசா எடுக்கலாம், அது விதி. விசா கிடைக்கிற சம்பளம் வேற, குடும்பம் ஓடுற சம்பளம் வேற.

நோட்டை எடுத்து உக்கார வச்சேன். ஷார்ஜாவுல பழைய பில்டிங்ல ஸ்டூடியோ, வகுத்தா மாசம் 2,000. கரண்டு, நெட், போன், தண்ணி 600. சாப்பாடு, பிள்ளைக்குப் பால், டயப்பர் 1,000. விசா, இன்ஷூரன்ஸ் வகுத்தா 250. மூணு டிக்கெட் வகுத்தா 350. துபாய்க்குப் பஸ், மெட்ரோ 400. மொத்தம் 4,600. மிச்சம் 400 திர்ஹம். இப்போ பெருக்குலன்னேன். 9,600 ரூபாய். ஊர்ல வீட்டு லோன் மாசம் 15,000 கட்டணும். அவன் அப்பா மருந்துச் செலவை நாங்க இன்னும் எழுதவே இல்ல.

தனியா இருந்தா? பெட்ஸ்பேஸ், மெஸ், பஸ், போன் எல்லாம் சேத்து 1,500ல அடக்கிரலாம். 3,500 மிஞ்சும். 84,000 ரூபாய். நம்ம ஊர்ல இத்தனை வீட்டுல ஆம்பளை இல்லாம இருக்கிறதுக்குக் காரணம் இந்த ரெண்டு வரிக்கு நடுவுல உள்ள வித்தியாசம்தான். பாசம் இல்லாமயா தனியாக் கிடக்காங்க.

அவன் முகம் வாடிட்டு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகாதன்னு நான் சொல்லவே இல்ல. சேந்து இருக்கிறது பெரிய பாக்கியம், நான் அனுபவிச்சுட்டு இருக்கேன், மத்தவங்களுக்கு வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன உரிமை. முதல்ல தனியாப் போ, வேலை நிலைக்கட்டும். ஜனவரி பாதிக்கு மேல டிக்கெட் விலை இறங்கும், வெயிலும் இருக்காது, ஏசி பில்லும் வராது. அப்போ அறுபது நாள் விசிட் விசால ரெண்டு பேரையும் வரவை. பிள்ளை ஸ்கூல் சேர இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருக்கு, வருஷத்துக்கு ஒருக்க இப்படிச் செய்யலாம். சம்பளம் ஏழாயிரத்தைத் தொட்டா முழுசாக் கூட்டிட்டுப் போறதைப் பேசலாம்.

ஆஃபர் லெட்டரையும் வாங்கிப் பாத்தேன். மொத்தம் 5,000, அதுல பேசிக் 2,000தான். மிச்சம் அலவன்ஸ். இதையும் யாரும் கவனிக்கிறதில்ல. வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற கிராஜுவிட்டி பேசிக்கை வச்சுத்தான். முதல் அஞ்சு வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம், அதுக்கு மேல 30 நாள். பேசிக் 2,000னா அஞ்சு வருஷம் உழைச்சாலும் 7,000 திர்ஹம்தான் கைக்கு வரும். அதே 5,000ல பேசிக் 3,000னு போட்டா 10,500. கம்பெனிக்கு மாசச் சம்பளம் ஒண்ணும் கூடப் போறதில்ல, கேட்டுப் பாக்கலாம், கையெழுத்துப் போடும் முன்னாடி. மெயில் அனுப்பச் சொல்லிருக்கேன்.

எழுத வேண்டியதுல ஒண்ணு பாக்கி, ஊர்க் கணக்கு. வெளிநாட்டுல இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரெண்டு வீட்டுச் செலவு. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் வரி உண்டு, ஓடு மாத்தணும், மோட்டார் ரிப்பேர் ஆகும். கல்யாண மொய், ஆஸ்பத்திரிச் செலவு, தம்பி காலேஜ் ஃபீஸ். அண்ணன் வெளிநாட்டுல இருக்கான்னா மொய்யும் ரெண்டு மடங்கு எழுதணும். சொந்தக்காரங்களுக்கு நான் கைகூப்பிக் கேக்கேன், லீவுக்கு வாரவங்ககிட்ட என்ன கொண்டாந்தேன்னு கேக்காதீங்க. அந்த பால்பவுடர் டப்பாவும் சென்ட் பாட்டிலும் யாரோ ஒரு பிள்ளையோட ஒரு டேர்ம் பஸ் காசு.

பேசிக்கிட்டு இருக்கும்போது அவன் பொண்டாட்டி ஒண்ணும் பேசாம நோட்டையே பாத்துட்டு இருந்தா. எல்லாரும் எந்திரிச்சுப் போன பிறகு, "சித்தி, நான் நர்சிங் முடிச்சவதானே, நான் வேலைக்குப் போனா இந்தக் கணக்கு எப்படி வரும்?"னு கேட்டா. இத்தனை பேர் இத்தனை நாளாப் பேசுன பேச்சுல அந்தப் பிள்ளை படிப்பை ஒருத்தரும் கணக்குல சேக்கவே இல்ல!

புதுப் பக்கம் திருப்புனோம். டேட்டாஃப்ளோல சர்ட்டிஃபிகேட் சரிபாக்கணும், புரோமெட்ரிக் பரீட்சை எழுதணும். துபாய்ல வேலைன்னா டிஎச்ஏ லைசென்ஸ், ஷார்ஜான்னா மத்திய சுகாதார அமைச்சகம் குடுக்கிறது. இதுக்கெல்லாம் ஊர்ல இருந்தே தயாராகலாம், புருஷன் போயி நிலைக்கிற இந்த வருஷத்துலயே. வரவுப் பக்கம் அவ சம்பளம், செலவுப் பக்கம் டே கேர், ரெண்டாவது பஸ் பாஸ், ராத்திரி டியூட்டி வந்தாப் பிள்ளைய யார் பாக்கிறதுங்கிற கேள்வி. டே கேர் விலை எனக்குப் பழைய கணக்குதான் தெரியும். எங்க பில்டிங்ல ஒரு நர்ஸ் மதினி இருக்காங்க, அவங்ககிட்ட இன்னைக்கு என்ன ரேட்னு கேட்டு போட்டிம்ல மெசேஜ் போட்டுருக்கேன். பதில் வந்ததும் அந்த வரியை நிரப்பணும்.